குதிரைக்கு எட்டும் நிலம் எது? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

நான் யாழ்ப்பாணத்தில் விலங்கியல் பயிலும் இறுதியாண்டு மாணவி. நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரைகள் எவ்வகை நிலத்தை விரும்புகின்றன என்பதை ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். சில குதிரைக் கூட்டங்களைக் காலை முதல் மாலை வரை பின்தொடர்ந்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை அவை நின்ற இடத்தைக் குறித்தேன். எல்லாப் பதிவுகளையும் சேர்த்துச் செய்த கைவர்க்கச் சோதனையில் (கண்ட எண்ணிக்கையை எதிர்பார்த்த எண்ணிக்கையோடு ஒப்பிடும் சோதனை), இது தற்செயலாக நேர்ந்திருக்கும் நிகழ்தகவு மிகச் சிறியதாக வந்தது. ஆனால் ஆர் (R) என்ற புள்ளிவிபர மென்பொருளில் தேர்வு விகிதங்களைக் கணித்தபோது, குடிமனைப் பகுதியைச் சேர்த்தால் குதிரைகள் பனங்கூடலை விரும்புவதாகவும், அதை நீக்கினால் பனங்கூடலைத் தவிர்ப்பதாகவும் வருகிறது. சில கூட்டங்கள் குடிமனைக்குள் போகவேயில்லை; அந்தப் பூச்சியங்களை மென்பொருள் தானாக வேறோர் எண்ணாக மாற்றிவிடுகிறது. எந்த முடிவை நம்புவது? என் எண்களை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புள்ள பிள்ளைக்கு,

நெடுந்தீவுக் குதிரைகளைப் பற்றி உணர்ச்சியோடு எழுதுவோர் நம்மிடையே பலர் உண்டு. அவை நிற்கும் இடத்தைக் கால்மணிக்கு ஒருமுறை குறித்து வைப்போர் மிகக் குறைவு. உங்கள் கடிதம் எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது.

உங்கள் எண்களுக்குப் பதிலாக, கணக்குப் பார்க்க வசதியான கற்பனை எண்களை எடுத்துக்கொள்கிறேன். நிலப்பரப்பில் (இதுவே இருப்பு) குடிமனை 40 வீதம், தரவை என்ற திறந்த புல்வெளி 30, பனங்கூடல் 20, நீர்நிலையோரம் 10 என்று வைப்போம். குதிரைகளைக் கண்ட பதிவுகளில் (இதுவே பயன்பாடு) குடிமனை 4 வீதம், தரவை 48, பனங்கூடல் 24, நீர்நிலையோரம் 24. பயன்பாட்டை இருப்பால் வகுத்தால் கிடைப்பதே தேர்வு விகிதம். 1க்கு மேற்பட்டால் விருப்பம், குறைந்தால் தவிர்ப்பு என்று வாசிப்பார்கள். இங்கே பனங்கூடலுக்கு 1.2, தரவைக்கு 1.6, நீர்நிலையோரத்துக்கு 2.4, குடிமனைக்கு 0.1. இப்போது குடிமனையை நீக்கிவிட்டு மீதியை நூறாக்குங்கள். தரவையின் இருப்பும் பயன்பாடும் 50 வீதமாகி விகிதம் சரியாக 1 ஆகிறது. பனங்கூடலின் இருப்பு 33.3 ஆகவும் பயன்பாடு 25 ஆகவும் மாறி விகிதம் 0.75 ஆகிறது. ஒரு குதிரையும் ஓர் அடியும் நகரவில்லை, ஆயினும் விருப்பம் தவிர்ப்பாகிவிட்டது.

இதில் மென்பொருளின் பிழை எதுவுமில்லை. எது குதிரைக்கு எட்டக்கூடிய நிலம் என்ற கேள்விக்கு நீங்கள் இரண்டு வெவ்வேறு பதில்களைக் கொடுத்தீர்கள், அது இரண்டையும் நேர்மையாகக் கணித்துத் தந்தது. 1980இல் ஜோன்சன் என்பவர் இந்தச் சிக்கலையே எடுத்துக்காட்டி, தனித்தனி விகிதங்களை நம்புவதைவிட நிலவகைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வரிசைப்படுத்துவதே உறுதியானது என்றார். மேலேயுள்ள எண்களில் தரவையின் விகிதத்தைப் பனங்கூடலின் விகிதத்தால் வகுத்துப் பாருங்கள்: குடிமனை சேர்ந்தாலும் நீங்கினாலும் விடை 1.33தான். 1993இல் ஈபிஷர், றொபேட்சன், கென்வாட் ஆகியோர் அறிமுகப்படுத்திய முறை இவ்வகை விகிதங்களின் மடக்கைகளையே (logarithm) பயன்படுத்துகிறது. ஆர் மென்பொருளுக்குக் கலெஞ் எழுதிய அடிஹாபிட்டாட் (adehabitat) தொகுதியில் கொம்பானா (compana) என்ற செயற்பாடு செய்வதும் அதுவே. ஆகவே 'தரவையைப் பனங்கூடலைவிட அதிகம் தேர்ந்தெடுக்கின்றன' என்று துணிந்து எழுதலாம். 'பனங்கூடலைத் தவிர்க்கின்றன' என்று எழுத உங்களுக்கு ஆதாரம் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2015இல் நெடுந்தீவில் தேசிய பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபின், எந்த நிலம் குதிரைக்கு வேண்டும், எது வேண்டாம் என்று யாரோ ஒருவர் உங்கள் ஆய்வைப் புரட்டிப் பார்க்கும் நாள் வரக்கூடும். நண்பகல் வெயிலில் ஒரு குட்டி பனை நிழலில் ஒதுங்கி நிற்கும் ஒரு மணிநேரம் பதிவுகளில் சிறிய வீதமாகத்தான் விழும். அந்த நிழல் அதற்குத் தேவையில்லை என்று அதனால் ஆகிவிடாது.

குடிமனையைச் சேர்ப்பதா விடுவதா என்பதை நெடுந்தீவின் முருகைக்கல் வேலிகளே தீர்மானிக்கட்டும். செய்மதிப் படத்தில் ஒரே பச்சையாகத் தெரியும் இரண்டு துண்டு நிலங்களில் ஒன்று வேலி இடிந்து திறந்துகிடக்கலாம், மற்றது மார்பளவு உயரத்துக்குக் கல் அடுக்கிப் படலை சாத்தப்பட்டிருக்கலாம். முதலாவது குதிரைக்கு எட்டும் நிலம், அதனுள் அது போகாவிட்டால் அதுவே ஒரு தேர்வு. இரண்டாவது எட்டாத நிலம், அதனுள் போகாததில் தேர்வு என்று எதுவும் இல்லை. வேலிகளை நடந்து பார்த்து வரைபடத்தில் குறித்து, மூடிய வளவுகளை இருப்புக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். பருவத்தையும் பிரியுங்கள். மாரியில் தரவை முழுதும் நீர் தேங்கி நிற்கையில் நீர்நிலையோரம் என்ற வகைக்கே பொருள் மங்கிவிடுகிறது. கடுங்கோடையில் எஞ்சிய சில கேணிகளும் குளங்களுமே குதிரையின் நாளைத் தீர்மானிக்கின்றன. இரண்டையும் ஓர் அட்டவணையில் கலந்தால் எந்தப் பருவத்துக்கும் பொருந்தாத ஒரு சராசரியே மிஞ்சும்.

பூச்சியம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பூச்சியத்துக்கு மடக்கை இல்லாததால் கொம்பானா அதன் இடத்தில் 0.01 என்ற பெறுமானத்தை இடுகிறது. இந்தச் செயற்பாடு எதிர்பார்ப்பது நூற்றுவீதங்களை. 48 என்று கொடுக்கவேண்டிய இடத்தில் 0.48 என்று கொடுத்திருந்தால், மொத்தத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்காக இருக்கவேண்டிய அந்த 0.01 ஒரு முழு வீதமாகிவிடும். முதலில் இதைச் சரிபாருங்கள். அளவு சரியாக இருந்தாலும், மிகச் சிறிய எண்ணை இட்டால் மடக்கை விகிதம் அளவுகடந்து விரிந்து, இல்லாத வேறுபாடு இருப்பதாகத் தோன்றக்கூடும். ஆகவே சில பெறுமானங்களை மாற்றி மாற்றி இட்டு, வரிசை மாறுகிறதா என்று பார்த்து, அதையும் ஆய்வில் எழுதுங்கள். அந்தச் செயற்பாடு பொருளுண்மை மட்டமாக (வேறுபாடு தற்செயலானதல்ல என்று ஏற்க, நிகழ்தகவு இதற்குக் கீழே வரவேண்டிய எல்லை) தானாக எடுத்துக்கொள்வது 0.1 என்பதையும் கவனியுங்கள்; 0.05 வேண்டுமானால் நீங்கள்தான் குறிப்பிடவேண்டும்.

கைவர்க்கச் சோதனையை விட்டுவிடுங்கள். ஒரு கடுவனும் அதன் பெட்டைகளும் குட்டிகளும் சேர்ந்தே நகர்கின்றன. அவை ஒரே தரவையில் ஒரு மணிநேரம் மேய்ந்தால் உங்கள் ஏட்டில் நான்கு பதிவுகள் விழுகின்றன, தெரிவு நடந்ததோ ஒருமுறை. மாதிரியின் அலகு கூட்டமே, பதிவு அன்று. அப்படியானால் எத்தனை கூட்டம் வேண்டும்? எழுமாற்றுச் சோதனையில் ஒவ்வொரு கூட்டத்தின் வேறுபாட்டுக்கும் கூட்டல், கழித்தல் குறியை மாற்றி, கண்ட முடிவு தற்செயலாக வரக்கூடியதா என்று பார்க்கிறோம். 5 கூட்டங்களுக்கு 32 வழிகள். இருபக்கமும் பார்த்தால் கிடைக்கக்கூடிய மிகச் சிறிய நிகழ்தகவு 2/32, அதாவது 0.0625. தரவு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் 0.05ஐ எட்டவே முடியாது. 6 கூட்டங்களுக்கு அது 0.031. எனவே 6 என்பது கீழெல்லை. 10க்கு மேல் இருந்தால் நிம்மதியாக எழுதலாம். கூட்டங்களை அடையாளம் காண நெற்றிச் சுட்டியையும் கால் வெள்ளையையும் படமெடுத்து வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கடைசியாக ஒன்று. குதிரை இரவிலும் நெடுநேரம் மேயும் விலங்கு. உங்கள் பதிவுகளோ காலை முதல் மாலை வரையானவை. மேற்பார்வையாளர் சம்மதித்தால் நிலவு வெளிச்சமுள்ள சில இரவுகளிலாவது ஊரவர் ஒருவரின் துணையோடு போய்ப் பாருங்கள். அது இயலாவிட்டால், ஆய்வின் தலைப்பிலேயே 'பகல்நேர' என்ற சொல்லைச் சேர்த்துவிடுங்கள்.