தேங்காய்ச் சாக்லேட் உருண்டை: எதை வாங்கலாம், எதை விடலாம்?

கேள்வி: பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு. தேங்காய் உருண்டை பிடித்துச் சாக்லேட்டில் முக்கி எடுக்கலாம் என்று இருக்கிறோம். வீட்டில் ஓவன் கிடையாது. கேக் சாமான் கடையில் பார்த்தால் ஒரே மாதிரி இரண்டு சாக்லேட் கட்டி இருக்கிறது. ஒன்றின் விலை மற்றதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். கடைக்காரரைக் கேட்டால் "ரெண்டும் சாக்லேட்தாம்மா" என்கிறார். எதை வாங்குவது மேடம்?
சத்துவாச்சாரி வாசகி

பதில்: இரண்டும் ஒன்றில்லை அம்மா. கட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியலில், எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வரும். விலை கூடிய கட்டியில் கோகோ மாஸ் (அரைத்த கோகோ விதை), கோகோ பட்டர் (அந்த விதையின் கொழுப்பு) என்று இருக்கும். மலிவான கட்டியில் சர்க்கரைக்கு அடுத்தபடியாக "ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட்", அதாவது கெட்டிப்படுத்திய தாவரக் கொழுப்பு, என்று இருக்கும். இதற்குத்தான் காம்பவுண்ட் என்று பெயர். கோகோ பட்டருக்குப் பதிலாகப் பனைவகைக் கொழுப்பு போன்ற ஒன்றைச் சேர்த்துச் செய்வது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி, சாக்லேட் என்ற பெயரில் விற்கிற பொருளில் கோகோ பட்டர் அல்லாத தாவரக் கொழுப்பு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அதை வெறுமனே சாக்லேட் என்று விற்க முடியாது. அதனால்தான் "காம்பவுண்ட்" என்ற சொல் அட்டையில் எங்காவது ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். அதைத் தேடிப் பிடியுங்கள்.

சரி, உங்களுக்கு எது? மேலே முக்கி எடுக்க மட்டும் என்றால் காம்பவுண்ட் போதும். காரணம் நம்ம ஊர் வெயில். கோகோ பட்டர் சுமார் 34 டிகிரியிலேயே உருகிவிடும். கத்திரி நேரத்தில் வேலூரில் 40 டிகிரி சாதாரணம். அடுப்படிச் சூட்டைக் கேட்கவே வேண்டாம். அதோடு அசல் சாக்லேட்டை உருக்கி அப்படியே ஊற்றிவிட முடியாது. 45 டிகிரி வரை சூடாக்கி, 28-க்கு இறக்கி, மறுபடி 31-க்குக் கொண்டுவர வேண்டும். இதற்கு டெம்பரிங் என்று பெயர். இதைச் செய்யாவிட்டால் உருண்டை பளபளப்பாக வராது, கையில் ஒட்டும், இரண்டு நாளில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும். அறையே 35 டிகிரியில் இருக்கும்போது 28-க்கு எப்படி இறக்குவது? ஏ.சி. அறையும் தெர்மாமீட்டரும் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். இல்லாவிட்டால் இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கிய பொருள் வீணாகும். ஆற்காட்டு மக்கன் பேடாவைப் பாகில் ஊறப்போட்டு மூடி வைத்தால் வெயிலைப் பற்றிக் கவலையில்லை. சாக்லேட் அப்படிப்பட்ட பண்டம் இல்லை.

காம்பவுண்டைக் காம்பவுண்ட் விலைக்கு வாங்குங்கள், அவ்வளவுதான். "பெல்ஜியம்", "பிரீமியம்" என்று முன்பக்கம் போட்டிருப்பதை நம்பி அசல் விலை கொடுக்காதீர்கள். ருசியில் வித்தியாசம் தெரியும். காம்பவுண்ட் அண்ணத்தில் மெழுகு மாதிரி ஒரு படலம் விடும், அசல் அப்படியே கரைந்து போகும். சும்மா சாப்பிடுவதற்கு வாங்கினால் அசலையே வாங்குங்கள். டிரான்ஸ் கொழுப்பு பற்றிப் பலருக்குப் பயம் இருக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து அதற்கு 2 சதவீத உச்சவரம்பு இருக்கிறது. ஆனால் காம்பவுண்டில் நிறைவுற்ற கொழுப்பு நிறையவே உண்டு. பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு உருண்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். சில கடைகளில் பெரிய கட்டியை உடைத்து, எந்தச் சீட்டும் இல்லாத பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்திருப்பார்கள். தயாரித்த தேதி, காலாவதித் தேதி, சேர்மானம் எதுவும் இருக்காது. உடைத்த கட்டியின் உறையைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதென்றால் வேறு கடை பாருங்கள். சீட்டு உள்ள கட்டிகளில் ஒரு கிராம் என்ன விலை என்றும் அச்சிட்டிருப்பார்கள். 400 கிராம் கட்டியையும் 500 கிராம் கட்டியையும் ஒப்பிட அதுதான் வழி.

கேள்வி: எங்கள் வீட்டிலேயே தென்னை மரம் இருக்கிறது. இந்த இனிப்புக்குப் பாக்கெட் தேங்காய்த் துருவல்தான் வேண்டும் என்கிறார்கள். "காய் இருக்கும்போது காசு கொடுத்துத் தூள் வாங்குவாளா ஒருத்தி?" என்று மாமியார் கேட்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதா? எதை எவ்வளவு எடுக்க வேண்டும் என்ற அளவும் சொல்லுங்கள்.
குடியாத்தம் வாசகி

பதில்: நியாயம் இருக்கிறது. உங்கள் மரத்துக் காயிலேயே செய்யலாம். ஆனால் பச்சைத் தேங்காயில் தண்ணீர் அதிகம். அப்படியே உருட்டினால் ஓர் இரவில் உள்ளே நீர் விட்டு மேலே உள்ள சாக்லேட் வெடிக்கும். பிரிட்ஜில் வைத்தாலும் இரண்டு மூன்று நாளுக்குள் தீர்க்க வேண்டும். நன்றாக முற்றிய காயாக எடுத்து, ஓட்டை ஒட்டிய பழுப்பு வராமல் வெள்ளையை மட்டும் துருவி, அடிகனமான வாணலியில் சின்னத் தீயில் வறட்டுங்கள். நிறம் மாறக் கூடாது. கையில் அள்ளி விட்டால் உதிரியாக விழ வேண்டும், அதுதான் பதம். அப்புறம் நன்றாக ஆறவிட்டுப் பிசையுங்கள்.

வெளியூருக்குக் கொடுத்தனுப்புவதாக இருந்தால், வாரக்கணக்கில் இருக்க வேண்டுமென்றால் உலர்ந்த துருவலே நல்லது. அதிலும் இரண்டு தினுசு உண்டு. பாலைப் பிழிந்து எடுத்துவிட்டுச் சக்கையை உலர்த்தி விற்பது ஒன்று. அதில் கொழுப்புக் குறைவு, மலிவு. உருண்டை பிடித்தால் பொலபொலவென்று உதிரும், எவ்வளவு பால் ஊற்றினாலும் குடித்துக்கொண்டே இருக்கும். முழுக் கொழுப்புள்ளது இன்னொன்று. பாக்கெட்டில் சத்து அட்டவணை இருக்கும், 100 கிராமுக்குக் கொழுப்பு 60 கிராமை ஒட்டி இருந்தால் அது முழுக் கொழுப்பு. வீட்டில் பிரித்ததும் ஒரு சிட்டிகை எடுத்து விரலிடையே தேய்த்துப் பாருங்கள். லேசாக எண்ணெய் மினுக்க வேண்டும். பழைய கொப்பரை மாதிரிக் காறல் வாடை வந்தால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். சாக்லேட்டோ ஏலக்காயோ அந்த வாடையை மறைக்காது.

அளவு கேட்டிருந்தீர்கள். உலர்ந்த துருவல் 200 கிராம், கன்டென்ஸ்டு மில்க் 200 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, விருப்பப்பட்டால் ஏலக்காய்த் தூள். நெல்லிக்காய் அளவில் இருபது உருண்டை வரும். மேலே முக்க 200 கிராம் காம்பவுண்ட் எடுத்துக்கொண்டால் கொஞ்சம் மிஞ்சும். அது மிஞ்சத்தான் வேண்டும், இல்லாவிட்டால் கடைசி உருண்டைகள் முங்காது. உருண்டைகளை அரை மணி நேரம் பிரீசரில் வைத்து இறுக்கிய பிறகு முக்குங்கள். கல் மாதிரி உறையவிட்டால் சூடான சாக்லேட் பட்டதும் மேல் ஓடு விரிசல் விடும்.

கேள்வி: புதுக் கட்டியை உருக்கும்போது மண் மாதிரித் திரண்டுவிட்டது. வாங்கும்போதே மேலே வெள்ளை பூத்திருந்தது. பூஞ்சைதானே? கடையில் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
காட்பாடி வாசகர்

பதில்: திரண்டுபோனதற்குக் கடைக்காரர் பொறுப்பில்லை. உருகுகிற சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும், கீழே கொதிக்கும் பாத்திரத்தின் ஆவி ஏறினாலும் அப்படித்தான் ஆகும். கிண்ணம், கரண்டி எல்லாம் ஈரம் இல்லாமல் துடைத்திருக்க வேண்டும். கீழ்ப் பாத்திரத்தில் கொஞ்சமாகத் தண்ணீர் வைத்துக் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உருக்குங்கள். திரண்டதைக் கொட்ட வேண்டாம். சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கினால் குழம்பாக வரும், கேக் மேலே ஊற்றலாம், பாலில் கலந்து குடிக்கலாம். முக்குவதற்கு மட்டும் ஆகாது.

வெள்ளைப் பூப்பு பெரும்பாலும் பூஞ்சை இல்லை. வெயிலில் இளகி மறுபடி இறுகும்போது கொழுப்பு மேலே வந்து படியும். விரலால் தேய்த்தால் மறையும், மணம் மாறாது, சாப்பிடலாம். பஞ்சு மாதிரி முடி முடியாக இருந்தாலோ, புளித்த வாடை அடித்தாலோ தொடாதீர்கள். ஆனால் ஒன்று, கட்டியை வெயில்படும் ஷோகேஸில் வைத்திருக்கும் கடையில் வாங்காதீர்கள். பிரிப்பதற்கு முன்பே வெள்ளை தெரிந்தால் வேறு கட்டி கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: ஆன்லைனில் ஒரு கிலோ அசல் சாக்லேட் வரவழைத்தேன். பெட்டியைத் திறந்தால் குழம்பாகக் கிடந்தது. "வெயிலுக்கு நாங்கள் பொறுப்பில்லை, உணவுப் பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார்கள்.
ராணிப்பேட்டை வாசகர்

பதில்: விடாதீர்கள். 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. மே மாதத்தில் ராணிப்பேட்டையில் வெயில் அடிக்கும் என்பது அனுப்புகிறவருக்குத் தெரியாத செய்தியா? பெட்டியைப் பிரித்தபோது எடுத்த படம், பில், அவர்கள் அனுப்பிய பதில் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள், தமிழிலேயே பேசலாம். பல விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை.

பில்லில் வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட்டுக்கு ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகவும், கன்டென்ஸ்டு மில்க்குக்கு 12-லிருந்து 5 ஆகவும் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகும் 18 போட்டிருந்தால் அதையும் அதே புகாரில் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: தீபாவளிக்கு இதே உருண்டைகளைப் பெட்டி போட்டு அக்கம்பக்கத்தில் விற்கலாம் என்று இருக்கிறேன். வீட்டில் செய்வதற்கும் லைசென்ஸ் வேண்டுமா?
ஆம்பூர் வாசகி

பதில்: வேண்டும். வீட்டிலிருந்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம். 14 இலக்க எண் தருவார்கள். அதைப் பெட்டியில் போடுங்கள். செய்த தேதி, எத்தனை நாளைக்குள் சாப்பிட வேண்டும், சைவத்துக்கான பச்சைப் புள்ளி, இவற்றோடு சேர்மானத்தில் "காம்பவுண்ட்" என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.