பெண் எல்க்குக்கு ஊதுவது: கேள்வி-பதில்

ஆகஸ்ட் பிறந்தால் போதும், கொலராடோ மலைக்கு எல்க் என்ற பெரிய மானை வேட்டையாடப் போகிறவர்களின் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். எல்க் மாதிரிக் குரல் எழுப்பி அதை வரவழைக்கும் கருவிக்கு ஆங்கிலத்தில் 'கால்' (call) என்று பெயர். அதைத் தமிழில் அப்படியே எழுதினால் எல்க்கின் நான்கு கால்களோடு குழம்புகிறது. அதனால் கருவியை 'ஊதல்' என்றே எழுதுகிறேன்.

சென்ற வருடம் இரண்டு நாள் முழுக்க ஊதினேன். ஒன்றுகூட வரவில்லை. ஊதல் சரியில்லையா?

எந்த மாதம், வில்லா ரைஃபிளா, சரிவில் மேலே இருந்தீர்களா கீழேயா, எதுவும் எழுதவில்லை. டாக்டரிடம் போய் 'வலிக்கிறது' என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? என் ஊகம், காற்று. விடியற்காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும். வெயில் ஏறியதும் மேலே போகும். சாயங்காலம் மறுபடி இறங்கும். எல்க் காதால் கேட்டதை மூக்கால் சரிபார்க்காமல் நம்பாது. சுற்றிக்கொண்டு உங்கள் வாசனை போகும் பக்கம்தான் வந்து நிற்கும். தூவினால் காற்றின் திசையைக் காட்டும் பவுடர் குப்பி சில டாலருக்குக் கிடைக்கும். முதலில் அதை வாங்குங்கள். ஊதல் அப்புறம்.

இனச்சேர்க்கைக் காலத்தில் பெண் எல்க் எழுப்பும் நீண்ட முனகலை ஊதினால் பெண் எல்க் வருமா?

வராது. ஆண் வரும். அந்த முனகல் ஆணுக்கான அழைப்பு. கையில் பெண் எல்க் டேக் (வேட்டை அனுமதிச் சீட்டு) மட்டும் வைத்துக்கொண்டு செப்டம்பரில் அதை ஊதினால், 300 கிலோ ஆண் ஒன்று முன்னால் வந்து நிற்கும். நீங்கள் வேடிக்கைதான் பார்க்கலாம்.

பெண் எல்க்குக்குத் தேவை சாதாரணக் குரல். மந்தை மேயும்போது 'நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே?' என்று ஒன்றுக்கொன்று கேட்டுக்கொள்ளும் சத்தம். மேலே தொடங்கி வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும் 'ஈ...யாவ்'. ஒரு வினாடி போதும். கன்றின் குரல் இன்னும் மெலிது, இன்னும் குட்டை. தாயைத் தொலைத்த கன்று அதையே கொஞ்சம் நீட்டிக் கெஞ்சும். ஜூன் வாக்கில் பிறந்த கன்றுக்கு செப்டம்பரில் மூன்று மாதம்தான் ஆகியிருக்கும். அந்தக் கெஞ்சலுக்குத் தாய் திரும்பிப் பார்க்கும். தன் கன்று இல்லாவிட்டாலும் சில சமயம் வேகமாக வந்துவிடும். வில்லை இழுக்க நேரம் இருக்காது. அதனால் ஊதுகிறவர் ஐம்பது கெஜம் பின்னால் இருக்கட்டும், வில் முன்னால் இருக்கட்டும். எல்க்கின் கவனம் சத்தத்தின் மேல் இருக்கும், உங்கள் மேல் இருக்காது. காற்று உங்கள் முதுகிலிருந்து அடித்தால் இதில் எதுவும் உதவாது.

வாய்க்குள் அண்ணத்தில் வைக்கும் டயஃப்ரம் ஊதலை வைத்தாலே குமட்டுகிறது.

ரொம்ப உள்ளே தள்ளுகிறீர்கள். லாட வடிவ விளிம்பின் திறந்த பக்கம் பற்களைப் பார்த்து இருக்கவேண்டும். சுற்றியிருக்கும் டேப்பைக் கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி உங்கள் அண்ணத்துக்குப் பொருத்துங்கள். முதல் வாரம் ஊதவே வேண்டாம், டிவி பார்க்கும்போது சும்மா வாயில் வைத்திருங்கள். அப்படியும் முடியவில்லையா? கடித்து ஊதும் வகைக்குப் போங்கள், அவமானம் ஒன்றுமில்லை. நவம்பர் குளிரில் எச்சில் பட்ட ரீட் (அதிர்ந்து சத்தம் தரும் மெல்லிய தகடு) உறைந்துவிடும். சட்டைக்குள் வைத்திருங்கள்.

செல்போனில் பதிவு செய்த குரலை ஸ்பீக்கரில் போடலாமா?

வேண்டாம். மொன்டானா, ஐடஹோ இரண்டு மாநிலத்திலும் எல்க்குக்கு மின்னணுக் குரல் சட்டவிரோதம். போகும் மாநிலத்தின் விதிப் புத்தகத்தை முதலில் படியுங்கள், பிறகு எழுதுங்கள்.

அக்டோபர் ரைஃபிள் சீசனுக்கு நான்கு பேர் போகிறோம். ஆளுக்கொரு ரப்பர் அமுக்கு ஊதல் வாங்கிவிட்டோம். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை அமுக்கவேண்டும்?

நான்கு பேர், நான்கு ஊதல்! மூன்றை வண்டியிலேயே விட்டுவிடுங்கள்.

ஒரு அக்டோபரில், ஒயிட் ரிவர் தேசிய வனத்தில், ஏறக்குறைய முப்பது எல்க் மேய்வதைச் சரிவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் இருநூறு கெஜம் அவை நகர்ந்திருந்தால் எனக்குப் போதும். கீழே வண்டிப்பாதையில் ஒருவர் அமுக்கத் தொடங்கினார். 'ஈயாவ்'. அரை நிமிடம். மறுபடி 'ஈயாவ்'. அதே சுதி, அதே நீளம், காலிங்பெல் மாதிரி. கூட்டத்தை நடத்தும் கிழட்டுப் பெண் எல்க் தலையைத் தூக்கியது. தாடை அசைவு நின்றது, வாயோரம் புல் தொங்கியபடியே இருந்தது. இரண்டு காதும் பாதையைப் பார்த்துத் திரும்பின. கால்களை விறைத்து இரண்டு அடி வைத்தது. பிறகு நாய் மாதிரி ஒரே ஒரு குரைப்பு. ஒரு நிமிடத்துக்குள் முப்பதும் வரிசையாக முகட்டைத் தாண்டிவிட்டன. கீழே இருந்தவர் இன்னும் கால் மணி நேரம் அமுக்கிக்கொண்டிருந்தார்.

பொது நிலத்தில் திரியும் எல்க் அக்டோபருக்குள் அந்த ரப்பர் சத்தத்தை நூறு தடவை கேட்டிருக்கும். எந்த எல்க்கும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே இடத்திலிருந்து ஒரே மாதிரி கத்தாது. ரைஃபிள் சீசனில் நான் ஊதலைத் தொடுவது இரண்டு இடங்களில்தான். நடந்துபோகிற எல்க்கை நிறுத்த ஒருமுறை. அது நின்று திரும்பிப் பார்க்கும் நான்கைந்து வினாடிதான் உங்கள் நேரம். சுட்ட பிறகு மிரண்ட கூட்டம் கலையாமல் இருக்க மெல்ல இரண்டு முறை. அவ்வளவுதான்.

இன்னொன்றையும் ஒவ்வொரு வருடமும் எழுதுகிறேன். புதருக்குள் உட்கார்ந்து எல்க் மாதிரிக் கத்தினால், எல்க்கைத் தேடுகிற துப்பாக்கிக்காரரும் வருவார். ஒருமுறை என் குரலுக்கு அப்படி ஒருவர் மரத்துக்கு மரம் பதுங்கிக்கொண்டு வந்தார். என் ஆரஞ்சுத் தொப்பியைப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்தார். கொலராடோவில் ரைஃபிள் சீசனில் இடுப்புக்கு மேலே 500 சதுர அங்குலமும் தலையிலும் ஒளிரும் ஆரஞ்சோ பிங்க்கோ கட்டாயம். 'ஊதும்போது மறைந்திருக்கவேண்டுமே' என்று அதைக் கழற்றாதீர்கள். முதுகை ஓர் அகலமான மரத்தில் சாய்த்து உட்காருங்கள்.

குரலுக்கு வந்தது பெண்ணா என்று மங்கலான வெளிச்சத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

தெரியவில்லை என்றால் சுடாதீர்கள். ஒன்றரை வயது ஆணுக்குப் பெரும்பாலும் கிளை பிரியாத குச்சிக் கொம்புதான். மரக்கிளை மறைத்தால் அது தெரியாது. பைனாகுலரில் இரண்டு காதுக்கும் நடுவே பார்த்து உறுதி செய்யுங்கள். ரைஃபிள் ஸ்கோப்பை பைனாகுலராகப் பயன்படுத்துகிறவரோடு நான் வேட்டைக்குப் போகமாட்டேன். எல்க் என்று நினைத்து மூஸைச் (இன்னொரு பெரிய மான்) சுடுகிறவர்களும் உண்டு. எல்க்குக்குப் பின்புறம் வெளிறிய பழுப்பு, கழுத்து கரும்பழுப்பு. மூஸ் உடல் முழுக்கக் கரும்பழுப்பு, மூக்கு தொங்கும்.

கன்றோடு வரும் தாயைச் சுடலாமா?

டேக் இருந்தால் சட்டம் தடுக்காது. அக்டோபர் கன்று மேய்ந்து பிழைக்கும், மந்தையும் உண்டு. ஆனாலும் கன்றின் குரலை ஊதி வரவழைத்த தாய்க்குப் பின்னால் அதன் சொந்தக் கன்றே வந்தால், நான் வில்லை இறக்கிவிடுவேன். இது என் வழக்கம். உங்கள் மேல் திணிக்கவில்லை.

இதே ஊதல் வால்பாறைப் பக்கம் மிளாவுக்கு வேலை செய்யுமா?

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் மேல் வேலை செய்யும். ஊர் போகும்போது ஊதலை டென்வரிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

வீட்டில் பயிற்சி செய்தால் மனைவி திட்டுகிறார்.

சரியாகத்தான் திட்டுகிறார். ஆபீஸ் போகும் வழியில் காரில் ஊதுங்கள். சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்.