நாய்க்கு மாத்திரை வாங்கி வந்தால் களியக்காவிளையில் பிடிப்பார்களா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் இருக்கிறேன். எங்கள் நாய்க்கு இரண்டு வருடமாக வலிப்பு. டாக்டர் பினோபார்பிட்டோன் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். இங்கே பல கடைகளில் இருப்பில்லை. கேரள எல்லை தாண்டிப் பாறசாலையில் கிடைக்கிறது, பதினைந்து சதவீதம் குறைத்தும் தருகிறார்கள். போன வாரம் வாங்கிக்கொண்டு பைக்கில் திரும்பும்போது எல்லையில், களியக்காவிளையில் போலீஸ் பையைத் திறந்து பார்த்து, "இது போதை மாத்திரைல்லா?" என்றார்கள். சீட்டு வீட்டில் இருந்தது. அரை மணி நேரம் நிறுத்தி வைத்து விட்டுவிட்டார்கள். நாய் வளர்க்கும் நண்பர்கள் நாலைந்து பேர் தங்களுக்கும் சேர்த்து வாங்கி வரச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: எல்லையைப் பற்றிய பயம் வேண்டாம். 1956 நவம்பர் 1 வரைக்கும் உங்கள் ஊரும் பாறசாலையும் ஒரே மாநிலம். மருந்து விஷயத்தில் இன்றைக்கும் இரண்டுக்கும் ஒரே சட்டம்தான், 1940-ஆம் வருட மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம். விலங்குக்குக் கொடுக்கும் மருந்தும் அதற்குள் வரும். நம் ஊர் கால்நடை மருத்துவரின் சீட்டைக் காட்டிக் கேரளக் கடையில் வாங்குவது குற்றமில்லை.

ஆனால் போலீஸ் கேட்டதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். பினோபார்பிட்டோன் 1985-ஆம் வருட போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. மருத்துவத் தேவைக்கு வைத்துக்கொள்ள விலக்கு உண்டு. அந்தச் சட்டத்தின் விதி 66-இன்படி ஒருவர் ஒரே நேரத்தில் 100 மாத்திரை வரை வைத்திருக்கலாம். நீண்ட நாள் சிகிச்சை என்று டாக்டர் குறிப்பாக எழுதியிருந்தால் 300 வரை. இதில் ஒரு சிக்கல். அங்கே இருப்பது "சொந்த மருத்துவத் தேவை" என்ற வாசகம். நாயை மனதில் வைத்து எழுதியதல்ல. அதனால் 300 கணக்கை நம்பிப் பெட்டி பெட்டியாக வாங்காதீர்கள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்றால் மாதத்துக்கு 60. அதை மட்டும் வாங்குங்கள்.

அப்புறம் சீட்டு. மருந்து விதி 65 என்னென்ன இருக்கவேண்டும் என்று சொல்கிறது: டாக்டரின் கையெழுத்து, தேதி, மொத்த அளவு, கொடுக்கும் முறை. விலங்குக்கான மருந்தென்றால் அதன் சொந்தக்காரர் பெயரும் முகவரியும் வேண்டும். என்னிடம் ஒருவர் கொண்டுவந்த சீட்டில் "புருனோ, 1-0-1" என்று மட்டும் இருந்தது. புருனோ யார், மனிதனா நாயா என்று ராத்திரி பத்து மணிக்கு டார்ச் அடித்துப் பார்க்கிற ஏட்டுக்கு எப்படித் தெரியும்? இன்னொன்று, திரும்பவும் கொடுக்கலாம் என்று டாக்டர் எழுதாவிட்டால் ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான் மருந்து. மூன்று மாதத்துக்குத் தேவையென்றால் அதையும் எழுதி வாங்குங்கள்.

நண்பர்கள் விஷயத்துக்கு என் பதில், வேண்டவே வேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் மருந்து விற்பதை மட்டுமல்ல, வினியோகிப்பதையும் 1940-ஆம் வருட மருந்துச் சட்டத்தின் பிரிவு 18(சி) தடுக்கிறது. "லாபமே எடுக்கல சார்" என்று சொல்லித் தப்ப முடியாது. அதே சட்டத்தின் பிரிவு 27-இன்படி குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 5 வருடம் சிறை. அபராதம் ஒரு லட்சத்துக்குக் குறையாது. இது போதை மாத்திரைப் பட்டியலில் இருப்பதால் 1985-ஆம் வருடச் சட்டமும் கூடவே வந்து நிற்கும். அவரவர் சீட்டோடு அவரவரே போய், அவரவர் பெயரில் பில் வாங்கட்டும்.

கடைசியாகக் காசு. எம்.ஆர்.பி. என்பது வரியெல்லாம் சேர்ந்தது. கடைக்காரர் அதற்குக் குறைத்து விற்பது அவர் இஷ்டம். பெட்ரோல் செலவைக் கழித்தால் உங்கள் பதினைந்து சதவீதத்தில் என்ன மிஞ்சும் என்று ஒரு தடவை கணக்குப் பாருங்கள். இது மனிதருக்கும் கொடுக்கிற மாத்திரைதான். கம்பெனிப் பெயருக்குப் பதில் மருந்தின் மூலப் பெயரை எழுதச் சொல்லி, மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகத்திலும் இருப்பைக் கேட்டுப் பாருங்கள். கம்பெனி மாற்றுவதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். இருப்பில்லை என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாக வரலாம்.

பாறசாலைக்கே போவதென்றால் அசல் சீட்டையும் பில்லையும் மாத்திரை இருக்கிற அதே பையில் வையுங்கள். மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போடாதீர்கள்.