டின் மீன் மூடி உப்பியிருந்தால்
அந்த டின்னைத் திறக்கவே வேண்டாம். கல்முனையில் பாதி விலைக்கு எடுத்தது, திகதி முடிய இன்னும் 3 வாரம் இருக்கிறது, மூடி மட்டும் கொஞ்சம் உப்பியிருக்கிறது, நன்றாகக் கொதிக்க வைத்தால் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். சரிவராது. டின் பழுதில்லாமல் இருக்கும்வரைக்கும்தான் அந்தத் திகதி செல்லும்.

பெரும்பாலும் விளிம்பு மடிப்பில் அடிபட்டு, உள்ளே கிருமி போய்ப் பெருகி வாயு உண்டாகியிருக்கும். தகரம் அரித்தாலும் வாயு வரும், ஆனால் எதனால் என்று வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை. மீன் பழுதாகும்போது சேரும் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் எவ்வளவு கொதித்தாலும் அழியாது, மணத்திலும் தெரியாமல் போகலாம். அதனால் நாக்கில் வைத்துப் பார்க்கும் வேலையும் வேண்டாம்.

அதே கழிவு விலையில் வாங்கிய மற்ற டின்களை இப்போதே பாருங்கள்:
1. இரண்டு பக்கமும் பெருவிரலால் நடுவில் அமத்துங்கள். உள்ளே போய் ‘டக்’ என்று திரும்பி வந்தால் அதுவும் பழுதுதான்.
2. விளிம்பில் நெளிவு, கசிவு, கறள் இருக்கிறதா? வயிற்றுப் பக்கம் லேசான நெளிவு பரவாயில்லை.

பில் இருந்தால் டின்னோடு கடைக்குக் கொண்டுபோய்க் காசைக் கேளுங்கள். மறுத்தால் 1977 என்ற இலக்கத்தில் நுகர்வோர் அதிகாரசபையை அழையுங்கள்.

ஒன்று, டின் தட்டையாக இருப்பதால் மட்டும் மீன் நல்லது என்று ஆகாது. திறக்கும்போது சீறினாலோ நுரைத்தாலோ கொட்டிவிடுங்கள். கழிவு விலையில் எடுப்பதென்றால் நூடில்ஸ், பிஸ்கட், பருப்பு எடுங்கள்.