பழனிக்குக் கூட்டமாக நடந்தவர் ஷிகோகுவில் தனியே நடக்கலாமா?

கேள்வி: நானும் மனைவியும் வருடம் தவறாமல் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தவர்கள். அவர் காலமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. ஜப்பானில் ஷிகோகு தீவைச் சுற்றி 88 கோயில்களுக்கு நடந்தே போகும் யாத்திரையைப் பற்றிப் படித்ததிலிருந்து மனம் அங்கேயே நிற்கிறது. வயது 62, அரசுப் பணியிலிருந்து ஓய்வு. கால் நன்றாக இருக்கிறது. சுத்த சைவம். மொழி தெரியாது. மகன் வேண்டாம் என்கிறான். நடைக்குப் பயமில்லை, தனிமைக்குத்தான் பயம். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்பது என் கொள்கை. தனிமையைச் சமாளிக்க வழி சொல்லுங்கள்.

— பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் அந்தக் கொள்கையை ஈரோட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள் ஐயா. அதையும் சுமந்துகொண்டு இறங்கினால் சுமார் 1,200 கிலோமீட்டரும் தனியாகத்தான் நடப்பீர்கள்.

ஷிகோகுவில் 'ஒசெத்தாய்' என்று ஒரு வழக்கம் உண்டு. நடந்து வரும் யாத்திரிகருக்கு ஊர்க்காரர்கள் தங்களால் ஆனதைக் கொடுப்பார்கள்: பழம், டீ, நூறு யென் நாணயம், உட்கார ஒரு நிழல். தன்னால் நடக்க முடியாத யாத்திரையில் உங்கள் கால் வழியாகத் தனக்கும் ஒரு பங்கு கிடைக்கிறது என்பது கொடுப்பவரின் நம்பிக்கை. பழனி வழியில் பந்தல் பந்தலாக நீர்மோர் வாங்கிக் குடித்தவர்தானே நீங்கள்? அங்கே கூச்சம் வந்திருக்காது, ஆயிரம் பேரில் ஒருவராக நின்றீர்கள். இங்கே ஒரு பாட்டி சின்னக் காரை ஓரம் கட்டி, இறங்கி, உங்கள் ஒருவருக்காகக் குனிந்து வணங்கிவிட்டு இரண்டு ஆரஞ்சுப் பழங்களை நீட்டுவார். அப்போதுதான் கை பின்னால் போகும். போக விடாதீர்கள். 'வேண்டாம்மா, பரவாயில்லை' என்று கும்பிட்டு நகர்ந்தால் அவருடைய பங்கைப் பறித்தவர் ஆவீர்கள். வாங்கிக்கொண்டு, பெயரும் ஊரும் எழுதிய வெள்ளைச் சீட்டு ஒன்றைக் கொடுக்க வேண்டும். 'ஒசாமெஃபுதா' என்று கோயில் கடைகளில் கட்டாக விற்பார்கள், பை நிறைய வைத்துக்கொள்ளுங்கள். காரில் ஏறிக்கொள்ளச் சொன்னால் மட்டும், நடந்தே முடிக்க வேண்டுதல் என்று மறுக்கலாம், புரிந்துகொள்வார்கள்.

தனிமை எங்கே பிடிக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் தெரியவே தெரியாது. யாத்திரை தொடங்கும் தொகுஷிமா மாநிலத்தில் முதல் பத்துக் கோயில்களும் கிட்டத்தட்ட அடுத்தடுத்து இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கை கழுவி, மணியடித்து, மெழுகுவர்த்தியும் ஊதுவத்தியும் ஏற்றி, இதய சூத்திரம் என்ற பௌத்தப் பாடம் சொல்லி, யாத்திரை நோட்டில் கோயில் முத்திரை வாங்குவதற்குள் பொழுது ஓடிவிடும். 11-ஆம் கோயிலிலிருந்து 12-க்கு ஏறும் மலைப்பாதையில் மூச்சு வாங்கவே நேரம் சரியாக இருக்கும். சோதனை 23-ஆம் கோயிலுக்கு அப்புறம். அடுத்த கோயில் முரோதோ முனையில், ஏறக்குறைய 75 கிலோமீட்டர் தள்ளி. மூன்று நாள் நடை. இடது பக்கம் பசிபிக், வலது பக்கம் மலை, நடுவே தார் ரோடு. மணியும் இல்லை, முத்திரையும் இல்லை. அந்த முனை இருக்கும் கொச்சி மாநிலத்தில் (நம் கேரளக் கொச்சி இல்லை) இப்படித்தான், கோயில் பதினாறே, தூரமோ அதிகம். அதைத் தவம் பழகும் இடம் என்று அவர்களே சொல்கிறார்கள். நான் நடந்தது அந்தப் பகுதியில் கொஞ்சம்தான். நடக்கும்போது ஒன்றும் ஆகாது. மாலை நாலு மணிக்கு மேல், கால் ஓய்ந்து அன்றைய இடம் இன்னும் வராத நேரத்தில்தான் நெஞ்சை அடைக்கும்.

ஆகவே உங்கள் திட்டமெல்லாம் ராத்திரிகளைப் பற்றி இருக்கட்டும். பணம் மிச்சம் என்று ஓட்டல் அறையில் தனியாக உட்கார்ந்து கடையில் வாங்கிய பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடாதீர்கள். அதைவிட மோசமான சாப்பாடு அந்தத் தீவில் இல்லை. 'மின்ஷுகு' என்கிற குடும்ப விடுதிகளிலோ, கோயில் விடுதிகளிலோ இரவுச் சாப்பாட்டோடு இடம் சொல்லுங்கள். வாசலில் நீங்கள் ஷூவைக் கழற்றுவதற்குள் விடுதிக்கார அம்மா கைத்தடியை வாங்கி அதன் நுனியைக் கழுவித் துடைத்து வைப்பார். அந்தத் தடி, இந்த யாத்திரைக்கே மூலவரான துறவி கோபோ தைஷியே என்பது ஐதீகம், அதனால் உங்கள் காலுக்கு முன்னால் அதற்குத்தான் உபசாரம். ஆறு மணி வாக்கில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். பாதி பேர் உங்களைப் போல பணி ஓய்வு பெற்று வந்த ஜப்பானிய ஆண்களாக இருப்பார்கள். வரைபடத்தையும் கால் கொப்புளத்தையும் காட்டிப் பேச மொழி அவ்வளவு தேவைப்படாது. மறுநாள் விடுதிக்குப் போன் செய்து சொல்லித் தரும்படி அந்த அம்மாவிடமே கேளுங்கள். பாரம்தான். கொடுங்கள்.

மகன் விஷயம். அவர் நாளுக்கு நாலு முறை வீடியோவில் கூப்பிடுவார், நீங்களும் எடுப்பீர்கள், வைத்த பிறகு சாலை முன்னைவிட வெறிச்சோடித் தெரியும். ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். அங்கே இரவு எட்டு மணி என்றால் ஈரோட்டில் மாலை நாலரை. குளித்து, சாப்பிட்டு, மனம் சமனான பிறகு பேசுங்கள். நாலு மணித் தவிப்பில் போனை எடுத்தால் அந்தத் தவிப்பு அவருக்கும் தொற்றும், அடுத்த விமானத்தில் வரச் சொல்வார்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. யாத்திரிகர்கள் தலையில் கவிழ்க்கும் கோரைத் தொப்பியில் 'இருவர் சேர்ந்து நடக்கிறோம்' என்று எழுதியிருக்கும். இரண்டாவது ஆள் கோபோ தைஷி, 774-இல் பிறந்த கூகாய் என்ற துறவி. (அவருடைய குரு பரம்பரையில் தென்னிந்தியாவிலிருந்து சீனா போன வஜ்ரபோதி வருகிறார், ரொம்ப அந்நியர் இல்லை.) அந்த இரண்டாவது இடத்தில் நீங்கள் யாரை நடக்க வைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வையுங்கள், யாரும் வந்து விசாரிக்க மாட்டார்கள். அங்கே உடுத்தும் வெள்ளை அங்கியே சவத்துக்கு உடுத்தும் வெள்ளைதான். வழியில் இறந்தவருக்கு அவருடைய கைத்தடியையே நடுகல்லாக நட்டிருக்கிறார்கள். துக்கத்தோடு வருபவர் அந்தப் பாதைக்குப் புதியவர் அல்ல. அழுகை வந்தால் அழுதுகொண்டே நடக்கலாம், ஆளில்லாத சாலையில் அது ஒரு வசதி.

ஆனால் இந்த ஒன்றரை வருடமாகத் தூக்கமும் சாப்பாடும் சரியில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் டிக்கெட் எடுக்கும் முன் டாக்டரைப் பாருங்கள். அதற்கு நடை மருந்தாகாது.

ஒரே மூச்சில் முடித்தாக வேண்டும் என்றும் இல்லை. முழுச் சுற்றுக்கு நாற்பது, ஐம்பது நாள் ஆகும். தொகுஷிமாவின் 23 கோயில்களோடு ஊர் திரும்பி, மீதியை அடுத்த வருடம் தொடரலாம். ஜப்பானின் முன்னாள் பிரதமர் நவோதோ கான் 2004-இல் தொடங்கி 2013-இல்தான் முடித்தார். இடையில் பிரதமர் பதவி வந்து போய்விட்டது.

அப்புறம், சுத்த சைவம் என்கிறீர்களே, தனிமையைவிட அதுதான் எனக்குக் கவலை. சாதம், டோஃபு, காய் கிடைக்கும். ஆனால் சூப், நூடுல்ஸ், வேகவைத்த காய் பெரும்பாலானவற்றில் 'தாஷி' என்ற மீன் சாறு இறங்கியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. இறைச்சி, மீன், மீன் சாறு வேண்டாம் என்று ஜப்பானிய மொழியில் அட்டை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், விடுதியில் முன்கூட்டியே சொல்ல வையுங்கள். அப்படியும் சில நாள் தட்டில் சாதமும் ஊறுகாயும்தான் மிஞ்சும். எதுவரை விட்டுக்கொடுப்பது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். அங்கே ஆறு மணிப் பந்தியில், சமைத்தவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது யோசிக்க வேண்டாம்.