யாங்கூனில் வசிக்கும் தமிழர் பலவகை நூல்களையும் ஆசிரியர்களையும் எவ்வாறு கண்டறியலாம்?

பாடநூலுக்கு அப்பால் தமிழில் எதைத் தேடுவது என்று இங்குள்ள இளைஞர் ஒருவர் கேட்டிருக்கிறார். பட்டியல்களை மனப்பாடம் செய்வதைவிட, நம் மண்ணோடு தொடர்புடைய ஓர் ஆசிரியரிடமிருந்து தொடங்கி, அவர் காட்டும் திசைகளில் செல்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அதற்கு மிகப் பொருத்தமானவர் வெ. சாமிநாத சர்மா. இரங்கூனில் (இன்றைய யாங்கூன்) வாழ்ந்து ‘ஜோதி’ இதழை நடத்திய அவர், 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது இந்தியாவை நோக்கி நடந்த துயரத்தை ‘எனது பர்மா வழி நடைப் பயணம்’ என்ற நூலில் பதிவு செய்தார். நம் பாட்டன்மார் பலரும் நடந்த வழி என்பதால் அதை முதலில் படிக்க வேண்டுகிறேன். அதே ஆசிரியர் கார்ல் மார்க்ஸின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதி, பிளேட்டோவையும் தமிழாக்கியிருப்பதால், பயணநூலை விரும்பியவர் வரலாற்றுக்கும் அரசியல் தத்துவத்துக்கும் இயல்பாகவே நகர முடியும். அவருடைய படைப்புகள் நாட்டுடைமையானவை, அதாவது எவரும் வெளியிடலாம் என்பதால் இணையத்தில் எளிதில் கிடைக்கின்றன.

புதினத்துக்கு, பர்மாவைக் களமாகக் கொண்ட ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘மா-னீ’யைப் படித்துவிட்டு, அவருடைய ‘புத்தம் வீடு’ வழியாகக் குமரி மாவட்ட வாழ்வுக்குள் செல்லலாம். சங்க இலக்கியத்துக்கு, 1998 முதல் தமிழ் நூல்களை இணையத்தில் வெளியிட்டுவரும் மதுரைத் திட்டத்தின் இலவச மின்னூல்கள் போதும். சமகால எழுத்துக்கு, 1955 முதல் இந்தியாவில் வழங்கப்படும் சாகித்திய அகாதமி இலக்கிய விருதின் தமிழ்ப் பட்டியல் உதவும். அதில் புதினம் மட்டுமன்றிச் சிறுகதை, கவிதை, கட்டுரை நூல்களும் உள்ளன. ஆனால், விருது பெறாத நல்ல ஆசிரியர்களை அறிய, பிடித்த எழுத்தாளர் பிறருக்கு எழுதிய முன்னுரைகளைத் தேடிப் படியுங்கள்.