மும்பை பைகுல்லாவில் உள்ள ராணி பாக் உயிரியல் பூங்காவில் பென்குயின் வந்து எட்டு மாதம் கழித்துத்தான் பார்க்க விட்டார்கள். புதுக் கூடம் திறக்க ஏன் இவ்வளவு நாள்?

தனிமைப்படுத்தல் என்று பார்த்தால் ஒரு மாதம் போதும். இங்கே நடந்தது வேறு. 2016 ஜூலையில் சியோலிலிருந்து எட்டு ஹம்போல்ட் பென்குயின்கள் வந்தபோது பெரிய கூடம் முடியவில்லை. அதுவரை தனிமைக் கூடத்திலேயே வைத்திருந்தார்கள். அக்டோபரில் ஒன்று இறந்துபோனது. 2017 மார்ச்சில் திறப்பு. கூடத்தை முடித்துவிட்டுப் பறவையை வரவழைப்பதுதான் முறை. ஆனால் சிமென்ட் காய்ந்த கையோடு உள்ளே விடுவது அதைவிடப் பெரிய தப்பு.

ஹம்போல்ட் பனிப்பறவை இல்லை. பெரு, சிலி கடலோரத்தில் நெத்திலி தின்று வாழ்வது. 16 முதல் 18 டிகிரி போதும். குளிரைவிடக் காற்றுதான் தலைவலி. கட்டட வேலைத் தூசியில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை வித்து இருக்கும். அது பென்குயினின் காற்றறைகளில் குடியேறினால், இரை எடுக்காமல் மூச்சு வாங்கும்போதுதான் வெளியே தெரியும். அப்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அதனால் ஏசி குழாய்களைத் துடைத்து, நுண்வடிகட்டி மாட்டி, காலிக் கூடத்தை வாரக்கணக்கில் ஓட்ட வேண்டும். அடுத்து கொசு. பறவை மலேரியாவுக்கு பென்குயினிடம் எதிர்ப்பு மிகக் குறைவு. மும்பை மழைக்காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள்! இரட்டைக் கதவு கட்டாயம்: ஒன்று மூடிய பிறகே மற்றது திறக்க வேண்டும்.

கண்ணாடியிலும் வேலை இருக்கிறது. ஜூலையில் ஈரக் காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டால் வியர்த்து ஒழுகும், உள்ளே ஒன்றும் தெரியாது. பார்வையாளர் பக்கமும் ஏசி போடுவதற்கு இதுவும் ஒரு காரணம், நம் சுகத்துக்கு மட்டும் இல்லை.

புது கான்கிரீட் தொட்டி சுண்ணாம்பு கக்கும், நீரின் காரத்தன்மை ஏறும். பலமுறை நிரப்பி வடித்த பிறகே வடிகட்டி, நீரில் கிருமி நீக்கும் ஓசோன் கருவி, குளிர்விப்பான் எல்லாவற்றையும் முழு வேகத்தில் சோதிப்பார்கள். குளிர்விப்பான் ஒன்று நின்றால் இன்னொன்று அதன் வேலையை ஏற்க வேண்டும், கரண்டு போனால் ஜெனரேட்டர் தானாக ஓட வேண்டும். பலர் கோட்டை விடுவது நீரின் மேல்பரப்பில். மீன் எண்ணெய் ஏடு போலப் படியும். அது சிறகில் ஒட்டினால் நீர் புகுந்து பறவை நனைந்துவிடும். அடியிலிருந்து மட்டும் நீரை உறிஞ்சினால் ஏடு அப்படியே நிற்கும். மேலிருந்தும் வழிந்தோட வழி வேண்டும்.

தரை வழவழப்பாக, ஒரே மட்டமாக இருந்தால் உள்ளங்காலில் புண் வந்து சீழ் கட்டும். கூழாங்கல், மேடு பள்ளம் எல்லாம் அழகுக்காக இல்லை. உறைந்த மீனைத் தண்ணீரில் போட்டு இளக்கினால் வைட்டமின் கரைந்து போகும், குளிர்பெட்டியிலேயே இளக்க வேண்டும். சில மீன்களில் உள்ள நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். அதனால் கிலோ மீனுக்கு 25 முதல் 30 மில்லிகிராம் கணக்கில் பி1 மாத்திரையை மீன் செவுளில் செருகிக் கொடுப்பார்கள்.

கடைசியாக ஒத்திகை. கண்ணாடி இருப்பது பறவைக்குத் தெரியாது, முட்டிக்கொள்ளும். சில நாள் சோப்பு பூசியோ திரை கட்டியோ பழக்குவார்கள். பிறகு ஊழியர் நாலு பேர் நின்று பார்ப்பார்கள், மெல்ல மெல்லக் கூட்டம்.

போகும்போது ஒரு பென்குயின் கிழிந்த தலையணை மாதிரி இறகு உதிர்த்து ஓரமாக நின்றால் நோய் என்று பயப்படாதீர்கள். வருடம் ஒருமுறை சிறகு மாற்றும்; இரண்டு மூன்று வாரம் நீரில் இறங்காது, சாப்பிடாது. சயான், மாட்டுங்காவிலிருந்து ஸ்லோ லோக்கல் பிடித்தால் பைகுல்லாவில் இறங்கலாம். புதன்கிழமை மட்டும் போகாதீர்கள், வார விடுமுறை.